தங்கப்பாண்டியின் இடது பக்கம்

செப். 4, வியாழன்

வெயில். காலை ஒன்பதுக்கே தெரபி சென்டர் வாசல் சிமெண்டு கொதிக்கிறது. மழை வரும் என்று மூன்று நாளாக எல்லாரும் சொல்கிறார்கள். நான் நம்பவில்லை.

செய்ய வேண்டியவை: மதிப்பீட்டுப் பாரம் தீரப்போகிறது, பிரஸ்ஸில் சொல்ல வேண்டும். பாப்பாவுக்கு வெள்ளை சாக்ஸ். பால்காரரிடம் கண்டிப்பாகப் பேச வேண்டும். ஒரு வாரமாகப் பாலில் தண்ணீர். ஆடையே கட்டவில்லை.

இன்று ஏழு பேர். ஒருவர் புதுசு. தங்கப்பாண்டி, வயது 53. பக்கவாதம் வந்து ஏழு வாரம், இடது பக்கம். மதுரையில் வைத்தியம் முடிந்து பயிற்சிக்கு இங்கே அனுப்பியிருக்கிறார்கள். ஒரு பிரஸ்ஸில் கட்டிங் மிஷின்காரர். இருபத்தெட்டு வருசமாக ரீம் ரீமாகப் பேப்பர் வெட்டிய கை.

"காலண்டர் சீசன் மேடம். பதினைஞ்சாம் தேதி திங்கக்கிழமை மிஷின்ல நிக்கணும்னு மொதலாளி சொல்லிட்டாக. உங்க லெட்டர் மட்டும்தான் பாக்கி."

பழைய மிஷினாம், சென்சார் எதுவும் கிடையாது. கையை எடுக்கச் சொல்லி பிளேடு காத்திருக்காது. எல்லாம் சரியாக இருந்தால்தான் எழுதுவேன் என்று சொல்லிவிட்டேன்.

நடை நல்லது. பிடிமானம், வலது கைக்குக் கொஞ்சம்தான் குறைவு. பேச்சு தெளிவு. சாப்பாடு, குளியல், உடுப்பு, மாடிப்படி என்று நூறு மார்க் பாரத்தில் ஒவ்வொன்றாகக் கேட்டால், கேள்வி அவரிடம், பதில் மனைவியிடமிருந்து. பெயர் கோமதி. அவருடைய இடது பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது, நகர மாட்டேன் என்கிறது.

"சட்டை நீங்களே போடுவீங்களா அண்ணாச்சி?"

"போட்டுக்கிடுவேன்."

"எங்க போடுதாக? ஒரு கையை மாட்டிட்டு அப்படியே கிளம்பிருவாக. நான்தான் இன்னொரு கையைப் பிடிச்சு உள்ள விடுதேன்."

"நீ கொஞ்சம் சும்மா இரு."

கோமதியை வெளியே உட்காரச் சொன்னேன். இடது கையை முதலில் விடுங்க அண்ணாச்சி என்றேன், விட்டார். பட்டன் ஆறும் போட்டார். ஆக, கோமதி சொன்னது பொய்.

இடது பக்கத்தையே மூளை மறந்துபோகிற ஒரு கோளாறு உண்டு. கண் தெரியும், ஆனால் அந்தப் பக்கம் என்று ஒன்று இருப்பதே ஆளுக்குத் தோன்றாது. அதற்கான தாளையும் கொடுத்தேன். தாள் முழுக்கச் சிதறிக்கிடக்கும் நாற்பது சின்னக் கோடுகள், ஒவ்வொன்றையும் குறுக்கே அடிக்க வேண்டும். தாளை எடுத்து மேசையில் இரண்டு தட்டுத் தட்டினார் (ஒரே ஒரு தாள்! சிரிப்பு வந்தது). கொஞ்சம் அடித்தார், தாளை மேசையிலேயே சுற்றித் திருப்பினார், கொஞ்சம் அடித்தார், திருப்பினார். நாற்பதுக்கு நாற்பது. தொழில்காரர் தொழில்காரர்தான். கடிகாரம் வரையச் சொல்வதும் உண்டு. வெளியே நான்கு பேர் காத்திருந்ததால் விட்டுவிட்டேன்.

ஆனால் சட்டையைக் கழற்றியபோது பார்த்தது: இடது தோளில் உள்ளங்கை அகலத்துக்கு நீலம். இடது முழங்கையில் தோல் உரிசல். இ. சுண்டுவிரலில் காய்ந்த காயம். வலது பக்கம் ஒரு கீறல் இல்லை.

"இது எப்படி அண்ணாச்சி?"

"எது?"

தொட்டுக் காட்டினேன். "தெரியலையே."

கோமதியைக் கூப்பிட்டுக் கேட்டேன். "வாசல் நிலையில இடிச்சுக்கிடுதாக மேடம். போகையில ஒண்ணு, வரையில ஒண்ணு."

நாற்பது கோட்டையும் பார்த்த கண்ணுக்கு நிலைக்கதவு தெரியாதா?

செப். 6, சனி

புழுக்கம். பால் இன்றும் தண்ணி. பால்காரர் தலையில் அடித்துச் சத்தியம் செய்கிறார். சத்தியம் செய்கிறவரை நான் நம்புவதில்லை.

த.பா. வீட்டுக்குப் போனேன். வீட்டில் எப்படிப் புழங்குகிறார் என்று நேரில் பார்த்தால்தான் பாரத்தை முடிக்க முடியும். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சந்து. இரண்டு அறை, சுத்தம். நிலை அகலமாகத்தான் இருக்கிறது.

சாப்பாட்டு நேரம். சோறு, பருப்பு, சீனிஅவரைக்காய். அவர் நன்றாகத்தான் சாப்பிடுகிறார். பாதியில் கோமதி கையை நீட்டித் தட்டை ஒரு சுற்றுச் சுற்றிவைக்கிறது. கொஞ்ச நேரத்தில் மறுபடி. மனுஷர் நிம்மதியாக ஒரு வாய் சாப்பிட முடியவில்லை.

"ஏன்க்கா தட்டைத் திருப்புறீங்க?"

"திருப்பி வச்சாத்தான் சாப்பிடுவாக."

இது என்ன சாஸ்திரம் என்று தெரியவில்லை. நான் பார்க்கிறேன் என்பதற்காகக் கூடுதல் உபசாரம் என்று எடுத்துக்கொண்டேன். தம்ளரைக் கையில் கொடுப்பது, செருப்பைக் காலில் மாட்டுவது, நடக்கும்போது தோளைப் பிடித்து வலது பக்கம் தள்ளுவது. தள்ளுவதைக் கண்ணால் பார்த்தேன். மெதுவாகத்தான் தள்ளியது. நான் இல்லாதபோது எப்படியோ?

சென்டர் ஆயா செல்விக்கு வீடு அடுத்த சந்துதான். கேட்டேன். "அந்தக்கா நல்ல மாதிரிதான் மேடம். ஆனா இப்ப ஒரே சத்தம். 'அங்கன பாருங்க, அங்கன பாருங்க'ன்னு நாள் பூரா கத்திக்கிட்டே கெடக்கு. கேக்குற நமக்கே காது வலிக்கும்."

எழுதி வைத்துக்கொண்டேன்: நாள் முழுக்கச் சத்தம்.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "நீ போலீஸ் வேலைக்குப் போயிருக்கணும்" என்கிறார். அவருக்கு என்ன தெரியும்? போன வருசம் ஒரு பெரியவர் கை வெந்து வந்தார். காபி கொட்டிருச்சு என்றார் மகன். நம்பினேன். மூன்றாம் தடவை வந்தபோதுதான் பெரியவர் வாயைத் திறந்தார். அந்தக் கையை மறக்கவே முடியவில்லை. இன்னொரு முறை ஏமாற மாட்டேன்.

செப். 9, செவ்வாய்

சாக்ஸ் வாங்கியாச்சு. அளவு சின்னது. மாற்ற வேண்டும்.

கோமதியை மாத்திரை வாங்க மெடிக்கலுக்கு அனுப்பிவிட்டு த.பா.விடம் தனியாகக் கேட்டேன். கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்தி.

"அண்ணாச்சி, பயப்படாமச் சொல்லுங்க. வீட்ல அக்கா உங்களை அடிக்காங்களா?"

என்னையே பார்த்தார். பிறகு தன் இடது கையைத் தூக்கி, வலது பக்கமாகக் கொண்டுவந்து, யாருடைய கையையோ பார்ப்பதுபோல் அந்தச் சுண்டுவிரல் காயத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம்.

"தெரியலையே மேடம்."

அடிக்கவில்லை என்றால் 'இல்லை' என்று சொல்லலாம். கோபப்படலாம், சிரிக்கலாம். தெரியலை என்றால்? பயம். பாரத்தின் ஓரத்தில் பென்சிலில் ஒரு கேள்விக்குறி போட்டேன்.

கோமதி மாத்திரையோடு ஓடி வந்தது. வந்ததும் அவருடைய இடது பக்கம் போய் நின்றது. அவர் லேசாக நகர்ந்துகொண்டார். கண்ணால் பார்த்தேன்.

செப். 11, வியாழன்

வானம் மூட்டம். ஒரு சொட்டு இல்லை.

த.பா.வுக்குப் புதுக் காயம். நெற்றியில் இடது பக்கம் எலுமிச்சை அளவு வீக்கம், இ. காதோரம் கன்றல்.

"கட்டில்ல இருந்து விழுந்துட்டாக" என்றது கோமதி. வாந்தி இல்லை, மயக்கம் இல்லை. நேற்றே ஸ்கேன் எடுத்துப் பார்த்தாச்சாம், உள்ளே ஒன்றுமில்லை. காகிதத்தை வாங்கி இரண்டு தடவை படித்தேன்.

கவனித்தது:
கோ. கண் சிவப்பு.
வழக்கம்போல் பக்கத்தில் நிற்கவில்லை. தூரத்து பெஞ்சில் உட்கார்ந்துகொண்டது.
என் முகத்தைப் பார்க்கவே இல்லை.
அவரும் அதைக் கூப்பிடவில்லை.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்.

கிளம்பும்போது என்னிடம் தனியாக வந்தது. "மேடம், லெட்டர் குடுக்காதீக. ஒரு மாசம் போகட்டும். மிஷின்ல கையக் குடுத்துருவாக."

"அவருக்கு வேலைக்குப் போகணும்னு இருக்கு. உங்களுக்கு ஏன் அவர் வீட்டிலேயே கிடக்கணும்?"

கோமதி பெஞ்சில் வைத்த பையை எடுத்துக்கொண்டது.

அப்போதே முடிவு செய்தேன். வீட்டை விட பிரஸ்ஸே அவருக்குப் பாதுகாப்பு. பத்துப் பேர் மத்தியில் யாரும் அடிக்க முடியாது. நூறுக்கு 95. கோட்டுத் தாள் 40/40. லெட்டரில் கையெழுத்து, சீல். அவர் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

கோமதியிடம் மட்டும் மெதுவாகச் சொன்னேன். "இனி இன்னொரு காயத்தைப் பார்த்தா நான் சும்மா இருக்க மாட்டேன்க்கா."

என்னை நிமிர்ந்து பார்த்தது.

இன்று நல்ல வேலை செய்த திருப்தி. இரவு தோசைக்கு மாவு புளித்துவிட்டது.

செப். 13, சனி

காலையில் அடுப்படியில் கையும் களவுமாகப் பிடித்தேன். பாலில் தண்ணீர் ஊற்றுவது பால்காரர் இல்லை, என் வீட்டுக்காரர். பால் அடிப்பிடிக்காமல் இருக்கப் பாத்திரத்தில் முதலில் தண்ணீர் விட வேண்டுமாம். கொஞ்சம் விட்டால் சரி, இவர் அரை டம்ளர் விடுகிறார். பால்காரரிடம் என்ன சொல்வது? ஒன்றும் சொல்லப்போவதில்லை. திங்கள் முதல் அரை லிட்டர் கூட வாங்கிக்கொள்ளலாம்.

பதினொரு மணிக்குப் பாரம் வாங்கப் பிரஸ்ஸுக்குப் போனேன். இது த.பா. வேலை பார்க்கிற பிரஸ் இல்லை, வேறு. எங்கு பார்த்தாலும் காலண்டர், சாமிப் படம், மை வாசனை. "அஞ்சு நிமிசம் மேடம், ஓரம் வெட்டித் தாரேன்" என்றார் கட்டிங்காரர்.

நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் பாரக் கட்டை எடுத்து மேசையில் இரண்டு தட்டு. மிஷினில் வைத்து ஒரு ஓரம் வெட்டினார். கட்டைத் திருப்பினார். அடுத்த ஓரம். திருப்பினார். அடுத்தது. திருப்பினார். பேசிக்கொண்டே, என்னைப் பார்த்துக்கொண்டே செய்கிறார். கை தன்னால் திருப்புகிறது.

"ஏன் திருப்புறீங்க?" என்று கேட்டேன்.

"பிளேடு ஒரே பக்கந்தான இறங்கும் மேடம்? நாமதான் பேப்பரைச் சுத்திக் குடுக்கணும். எங்க ஆளுக கையில சப்பாத்தியக் குடுத்தாலும் தட்டித் திருப்பித்தான் திம்பாங்க."

பாரத்தை வாங்காமலே வெளியே வந்துவிட்டேன். வண்டியில் ஏறாமல் அதன் பக்கத்திலேயே நின்றேன்.

த.பா.வுக்கு வலது பக்கம் மட்டும்தான் தெரியும். தெரிந்ததை அடித்தார், தாளைத் திருப்பினார், இடது பக்கம் இருந்தது வலது பக்கம் வந்தது, அதையும் அடித்தார். தாளை நோயாளி முன்னால் அசையாமல் வைக்க வேண்டும் என்பது படிக்கும்போது முதல் நாள் சொல்லித்தந்தது. நான் தொழில்காரர் என்று ரசித்துக்கொண்டிருந்தேன்.

தட்டு. நிலை. சட்டையின் ஒரு கை (இடது கையை விடுங்க என்று நினைவூட்டியதே நான்தான்). 'அங்கன பாருங்க.'

ஒரு படிப்பும் இல்லாமல் கோமதி கண்டுபிடித்துவிட்டது. நாற்பதுக்கு நாற்பது போட்டது நான்.

நாளை மறுநாள் பிளேடு.

மத்தியானம் முதல் நாலு தடவை போன் செய்தேன். சுவிட்ச் ஆஃப். நேரே போனேன், பூட்டு. சாத்தூரில் ஒரு கலியாணமாம், நாளைக் காலையில் வருவார்களாம்.

செப். 14, ஞாயிறு

எட்டு மணிக்கே போய்விட்டேன். அப்போதுதான் பஸ்ஸிலிருந்து வந்திருந்தார்கள். கையில் தாம்பூலப் பை.

கோட்டுத் தாளை மேசையில் வைத்து நான்கு மூலையிலும் டேப் ஒட்டினேன். த.பா. முதலில் தட்டப் பார்த்தார். வரவில்லை. திருப்பப் பார்த்தார். வரவில்லை. "என்ன மேடம் ஒட்டிட்டீக" என்று சிரித்தார். அப்புறம் அடிக்க ஆரம்பித்தார். பேனாவை வைத்தார்.

"முடிஞ்சதா அண்ணாச்சி?"

"முடிஞ்சது. நல்லாப் பாருங்க, ஒண்ணு கூட விடலை."

நாற்பதுக்குப் பதினெட்டு. தாளின் இடது பாதி அப்படியே அடிபடாமல் கிடந்தது.

கடிகாரமும் வரையச் சொன்னேன். பன்னிரண்டிலிருந்து ஆறு வரை ஒரே பக்கத்தில். மற்றப் பக்கம் ஒன்றுமில்லை.

டேப்பைப் பிய்த்துத் தாளைத் திருப்பிக் காட்டினேன். முகம் மாறியது. "இம்புட்டும் எங்க இருந்துச்சு?" என்றார். பிறகு கோபம். "அன்னைக்கு நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சு போட்டீகளே, அது பொய்யா? கையெழுத்து உங்களுது தான?"

என்னுடையதுதான்.

அங்கேயே இருந்து அவருடைய முதலாளிக்குப் போன் செய்தேன். "ஏம்மா, வியாழக்கிழமை லெட்டரு, ஞாயித்துக்கிழமை கேன்சலா? ஆர்டர் கழுத்தை நெரிக்கி, ஆள் இல்லாம நான் கெடக்கேன்" என்று கத்தினார். தப்பு என்னுடையது, நான் சோதித்தது தவறு, அவரை மிஷின் பக்கமே விடாதீர்கள் என்று மூன்று தடவை சொன்னேன். "கை தப்புச்சே, அதைச் சொல்லுங்க" என்று வைத்துவிட்டார். அவரும் பழைய கட்டிங்காரராம்.

அடுப்படிக்குப் போனேன். கோமதி டீ போட்டுக்கொண்டிருந்தது.

"மன்னிச்சிருங்கக்கா. நான் உங்களைத் தப்பா நினைச்சுட்டேன்."

"தெரியும். நீங்க கேட்டதை அன்னைக்கே வந்து எங்கிட்டச் சொல்லிட்டாக." டீயை ஆற்றிக்கொண்டே பேசியது, திரும்பவில்லை. "'அந்தம்மா படிச்சவுக, சும்மா கேப்பாகளா? நான் தூங்கையில அடிக்கியா'ன்னு என்னையக் கேட்டாக. எனக்கு என்ன சொல்லன்னு தெரியலை. பகல்ல அடிக்கலைன்னு எனக்குத் தெரியும். தூக்கத்துல கையக் கிய்யப் போட்டுருப்பனோன்னு நானே என்னையச் சந்தேகப்பட்டேன். அன்னையிலருந்து நடு வீட்டுல தனியாப் படுத்தேன்."

"அதுக்கு முன்னாடி?"

"அவுகளுக்கு இடது பக்கந்தான் படுப்பேன். அந்தப் பக்கம் கட்டில் முடியுறது அவுகளுக்குத் தெரியாதுல்ல."

செவ்வாய்க்கிழமை நான் கேட்டேன். அன்று முதல் கோமதி அங்கே படுக்கவில்லை. புதன் விடியலில் விழுந்தார். வியாழக்கிழமை அந்த வீக்கத்தைப் பார்த்துத்தான் நான் கையெழுத்துப் போட்டேன்.

கோமதி டீயை என் கையில் கொடுத்தது. குடித்தேன்.

செப். 15, திங்கள்

மழை. விடிகாலையிலிருந்து விடாமல். பாப்பாவின் புது சாக்ஸ் முதல் நாளே சேறு.

த.பா. புது மதிப்பீடு: சாப்பாடு பத்துக்கு 5. உடுப்பு பத்துக்கு 5. குளியல் 0. எல்லாம் சேர்த்து நூறுக்கு 65. பழைய தாளைக் கிழிக்கவில்லை. குறுக்கே கோடு போட்டு 'என் தவறு' என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். பென்சில் கேள்விக்குறியையும் அழிக்கவில்லை. இருக்கட்டும்.

பயிற்சி: இடது ஓரம் சிவப்பு டேப், தட்டிலும் நிலையிலும். கட்டிலின் இடது பக்கம் சுவரோடு. தலையை இடது பக்கம் திருப்பப் பழக்க வேண்டும். மூன்று மாதம், மேலும் ஆகலாம். மிஷின் பற்றி இப்போது பேச்சில்லை.

கிளம்பும்போது கோமதி நின்றது. "மேடம், ஒரு லெட்டர் வேணும்."

"யாருக்குக்கா? முதலாளிக்கா?"

"எனக்கு. அவுகளை நான் அடிக்கலைன்னு. நான் சொன்னா இப்ப நம்ப மாட்டேங்காக. பக்கத்துல போனாலே ஒதுங்குதாக. நீங்க எழுதுனா நம்புவாக."

லெட்டர் பேடை எடுத்தேன். முதல் வரியை வழக்கம்போல் இடது ஓரத்திலிருந்து ஆரம்பித்துவிட்டு, கிழித்துப் போட்டேன். புதுத் தாளில் வலது பாதியில் மட்டும் எழுதினேன், வரிக்கு இரண்டு சொல், மூன்று சொல்லாக. காயங்கள் நோயால் வந்தவை. மனைவி அடிக்கவில்லை. நான் கேட்ட கேள்வி தவறு. இத்தனை நாள் காத்தது அவர்தான். கையெழுத்து, சீல்.

மேசையில் வைத்து டேப் ஒட்டினேன். த.பா. விரலை வைத்துச் சத்தமாகப் படித்தார். ஒரு சொல் விடவில்லை. படித்து முடித்து, அந்த சீல் மேல் விரலை வைத்தார்.

"கோமதி எங்க?" என்றார்.

அவருடைய இடது பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தது. "இங்கனதான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு, அவருடைய நாற்காலியைச் சுற்றிக்கொண்டு வலது பக்கம் வந்தது.